ஆஸ்திரேலியாவின் பிரெஞ்சுத் திரைவிழா: முதல்முறை போகிறவர்களுக்கு

மார்ச் பிறந்ததும் சிட்னி, மெல்போர்ன், கான்பெரா, பிரிஸ்பேன், பெர்த், அடிலெய்ட், ஹோபார்ட் என்று நகரம் நகரமாகப் பிரெஞ்சுப் படங்கள் வந்து இறங்கும். பிரெஞ்சு மொழியையும் பண்பாட்டையும் பரப்பும் அலியான்ஸ் ஃபிரான்சேஸ் அமைப்பு 1990 முதல் நடத்திவரும் திரைவிழா இது. 2025இல் 36ஆம் முறையாக நடந்தது. பெரிய நகரங்களில் நான்கைந்து வாரம் ஓடும், சிறிய ஊர்களில் சில நாளிலேயே முடிந்துவிடும். மொத்தம் சுமார் 40 படங்கள். அத்தனையையும் பார்க்க யாராலும் முடியாது, தேவையும் இல்லை. முதல்முறை போகிறவருக்கு மூன்று படம் போதும். ஐந்து பார்த்தால் நிறைவாக இருக்கும். எந்த மூன்று, எந்த ஐந்து என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள்.

பெயர் தெரிந்த நடிகர் இருக்கிறாரா என்று பார்த்து டிக்கெட் எடுப்பதே வழக்கமாக நடக்கும் தவறு. அந்தப் படம் இரண்டு மாதத்தில் அதே அரங்குக்கு வழக்கமான வெளியீடாக வந்துவிடும். பெயர் தெரியாத இயக்குநரின் முதல் படமோ விழாவோடு போய்விடும், இந்த நாட்டுத் திரையில் மறுபடி வராது. அதனால் திரும்பி வராத படத்துக்கே முதலில் டிக்கெட் எடுங்கள். கீழே சொல்லும் மற்றதெல்லாம் இதைத் தொட்டே வருகிறது.

எப்போது தயாராக வேண்டும்

பிரெஞ்சு சினிமாவின் ஆண்டு மே மாதம் கான் விழாவில் தொடங்குகிறது. அங்கே முதலில் திரையிடப்பட்ட படங்கள் ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை பிரான்ஸ் அரங்குகளுக்கு வரும் (அங்கே புதுப்படம் வெளியாகும் நாள் புதன்கிழமை). ஜனவரி கடைசியில் பிரான்சின் தேசியத் திரைப்பட விருதுகளான செசார் விருதுகளுக்கான பரிந்துரைப் பட்டியல் வரும், பிப்ரவரி இறுதியை ஒட்டி விருது விழா நடக்கும். ஆஸ்திரேலிய விழா அதற்குப் பின்னாலேயே வருவதால், இங்கே காட்டப்படுபவை பெரும்பாலும் முந்தைய ஆண்டின் அறுவடை.

இதைத் தெரிந்துவைத்தால் வேலை பாதி முடிந்தது. ஜனவரி கடைசியில் செசார் பட்டியலை எடுத்து, ‘சிறந்த முதல் படம்’ என்ற பிரிவில் இருக்கும் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பிப்ரவரியில் விழா நிரல் வந்ததும் இரண்டையும் ஒப்பிட்டு, இரண்டிலும் இருக்கும் படத்தை முதலில் வட்டமிடுங்கள். லூயிஸ் கூர்வாசியேயின் ‘வேன் தியூ’ 2025இல் அந்தப் பிரிவின் விருதை வாங்கியது. ஜூரா மலைப்பகுதியில் கோம்தே பாலாடைக்கட்டி செய்யப் போராடும் ஓர் இளைஞனின் கதை அது. பெரிய நட்சத்திரம் ஒருவரும் இல்லை, நடித்தவர்கள் அந்த வட்டாரத்து இளைஞர்கள்.

நிரலில் ‘கான் 2024’ என்று மட்டும் போட்டிருந்தால் எந்தப் பிரிவு என்று தேடிப் பாருங்கள், ஏனென்றால் கான் என்பது ஒரே போட்டி இல்லை. கானின் முதல் பரிசான தங்கப் பனை விருதுக்கான பிரதானப் போட்டி ஒன்று. சற்றே வேறுபட்ட குரல்களுக்கான ‘அன் செர்த்தன் ரெகார்’ இன்னொன்று. இயக்குநர்கள் சங்கம் தனியாக நடத்தும் ‘கென்ஸேன்’ உண்டு. விமர்சகர்கள் நடத்தும் ‘செமேன் த லா கிரித்திக்’ உண்டு, அது 1962 முதல் ஓர் இயக்குநரின் முதல் அல்லது இரண்டாம் படத்தை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. புதிய இயக்குநரைக் கண்டுபிடிக்க ஆசைப்படுபவர் இந்தக் கடைசிப் பிரிவைத் தேடிப் போகலாம். போட்டிக்கு வெளியே காட்டப்பட்டவை பெரும்பாலும் பெரிய பட்ஜெட் படங்கள். அவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

திரும்பி வரும் படத்தை அடையாளம் காண்பது

இரண்டு தடயங்கள் இருக்கின்றன. டிரெய்லரின் தொடக்கத்திலோ சுவரொட்டியின் அடியிலோ ஆஸ்திரேலிய விநியோகஸ்தரின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பேலஸ் ஃபிலிம்ஸ், மேட்மேன், ரியால்டோ, கிஸ்மெட், ஷார்மில் போன்றவை இங்கே பிறமொழிப் படங்களை வாங்கி வெளியிடும் நிறுவனங்கள். பெயர் இருந்தால் படத்தை யாரோ காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்கள் என்று பொருள். போட்ட காசை எடுக்க அரங்குக்குக் கொண்டுவருவார்கள்.

இரண்டாவது தடயம் வயதுக் குறி. பலர் கவனிக்காதது இது. வழக்கமான வெளியீட்டுக்கு வரும் படம் அரசின் வயதுத் தரவரிசைக்குப் போக வேண்டும், அதற்குக் கட்டணம் உண்டு. விழாவில் சில காட்சிகள் மட்டும் ஓடும் படத்துக்கு விலக்கு கிடைக்கும். ஆகவே ‘எம்’, ‘எம்ஏ 15+’ என்று முறையான தரம் பெற்ற படத்தின் பின்னால் பெரும்பாலும் ஒரு விநியோகஸ்தர் இருப்பார். ‘தரவரிசை செய்யப்படாதது, 15+’ அல்லது ‘18+’ என்று இருந்தால், அந்தப் படத்துக்கு விழாவைத் தவிர வேறு திட்டம் இன்னும் இல்லாமல் இருக்கலாம். நூற்றுக்கு நூறு சரியாக வரும் என்று சொல்ல முடியாது, ஆனாலும் வேறு எதையும்விட இது நம்பகமான குறி.

மூன்றாவதாக ஒரு சின்ன வேலை. நிரல் வந்த அன்றே, உங்கள் நகரத்தில் அந்தப் படத்துக்கு எத்தனை காட்சிகள் என்று எண்ணுங்கள். பன்னிரண்டு காட்சி போட்டிருக்கும் படம் எங்கும் ஓடிவிடாது. மூன்றே காட்சி உள்ள படத்தில் ஒன்று வேலைநாள் பகலில் இருக்கும், ஒன்று உங்களுக்குத் தூரமான அரங்கில் இருக்கும். மிச்சம் ஒரே ஒரு மாலைதான். அதை முதலில் பிடியுங்கள்.

ஒரு படத்துக்குப் பல பெயர்

பிரெஞ்சுத் தலைப்பைக் குறித்துவைக்காமல் ஆங்கிலத் தலைப்பை மட்டும் நம்பினால் குழப்பம்தான். திரான் ஆன் ஹூங் 2023இல் கானில் சிறந்த இயக்குநர் விருது பெற்ற படத்தின் பிரெஞ்சுப் பெயர் ‘லா பாசியோன் த தோதேன் பூஃபான்’. கானில் அதற்கு ஆங்கிலத்தில் வைத்த பெயர் ‘தி போ-தோ-ஃப’, பிறகு வெளியீட்டுக்கு வந்தபோது ‘தி டேஸ்ட் ஆஃப் திங்ஸ்’. மேலே சொன்ன ‘வேன் தியூ’வுக்கு நேர்ப்பொருள் ‘இருபது கடவுள்கள்’. கிராமத்துப் பேச்சில் திட்டும் வியப்புமாகச் சொல்லும் சொல் அது. ஆங்கிலத்தில் ‘ஹோலி கவ்’ ஆகிவிட்டது. ஜீல் லெலூஷின் ‘லமூர் ஊஃப்’ படத்தில் வரும் ‘ஊஃப்’, ‘ஃபூ’ என்ற சொல்லைத் திருப்பிப் போட்டது. ஃபூ என்றால் பைத்தியம். இப்படிச் சொல்லைப் புரட்டிப் பேசுவதை ‘வெர்லான்’ என்பார்கள். பாரிஸ் புறநகர் இளைஞர்கள் பேசும் படங்களில் நிறையக் கேட்கும். ஆங்கிலத் தலைப்பான ‘பீட்டிங் ஹார்ட்ஸ்’ அதில் எதையும் காட்டாது.

ஆகவே பிரெஞ்சுத் தலைப்பு, இயக்குநர் பெயர், ஓடும் நேரம் மூன்றையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் இணையத்தில் தேடும்போது இவைதான் கைகொடுக்கும்.

ஓடும் நேரத்துக்காகத் தனியாக ஒரு வார்த்தை. பிரெஞ்சுப் படங்களின் நீளம் சீராக இருக்காது. மத்தி தியோப்பின் ‘தஓமே’ 68 நிமிடம். பெர்லின் திரைவிழாவின் முதல் பரிசான தங்கக் கரடியை வாங்கிய படம் அது. ‘மோன்தே கிறிஸ்தோ கோமகன்’ 178 நிமிடம், நம்மூர்ப் படம்போல் இடைவேளையும் கிடையாது. இரவு எட்டரைக் காட்சிக்கு மூன்று மணி நேரப் படத்தை எடுத்துவிட்டுக் கடைசி ரயிலைத் தவறவிடாதீர்கள்.

பிரெஞ்சுப் படம் பிரெஞ்சில் பேச வேண்டியதில்லை

2015இல் தங்கப் பனை வாங்கிய ஜாக் ஓதியாரின் ‘தீபன்’ பெரும்பகுதி தமிழில் பேசுகிறது. எழுத்தாளர் ஷோபாசக்தி என்று நாம் அறிந்த அந்தோணிதாசன் யேசுதாசன் அதில் நாயகன், காளீஸ்வரி ஸ்ரீனிவாசன் நாயகி. அதே இயக்குநரின் ‘எமிலியா பெரெஸ்’ பேசுவது ஸ்பானிய மொழி, 2025இல் செசார் சிறந்த படம் அதுதான். ஜுஸ்தின் திரியே 2023இல் தங்கப் பனை வாங்கிய படத்தில் ஜெர்மானிய மனைவி ஒருத்தி பிரெஞ்சு நீதிமன்றத்தில் பாதி ஆங்கிலத்தில் பேச வேண்டியிருக்கிறது. எந்த மொழியில் பேசுகிறாள் என்பதே அங்கே அவளுடைய நியாயத்தைத் தீர்மானிக்கிறது.

இது எப்படி நடக்கிறது என்றால், பிரான்சில் விற்கும் ஒவ்வொரு சினிமா டிக்கெட்டிலும் 10.72 விழுக்காடு வரியாகப் பிடித்து, 1946இல் அமைத்த தேசியத் திரைப்பட மையத்துக்குக் கொடுக்கிறார்கள். அமெரிக்கப் படத்துக்கு விற்ற டிக்கெட்டிலும் பிடிப்பார்கள். அந்தப் பணம் மறுபடி படமெடுக்கப் போகிறது. 1959 முதல் ‘அவான்ஸ் சுர் ரெசெத்’ என்ற திட்டமும் இருக்கிறது, வருங்கால வசூலுக்கு எதிராகக் கொடுக்கும் முன்பணம். தொலைக்காட்சி நிறுவனங்களும் சட்டப்படி முதலீடு செய்தாக வேண்டும். படம் தொடங்குமுன் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும் சின்னங்களைப் பார்த்து அரங்கில் முணுமுணுப்பு எழும். பொறுமையாகப் படியுங்கள். எந்த மாகாணம் காசு கொடுத்தது, எந்தத் தொலைக்காட்சி, பக்கத்து நாட்டிலிருந்து யார் சேர்ந்தார்கள் என்று அதில் தெரியும். இத்தனை முதல் படங்கள், இத்தனை பெண் இயக்குநர்கள், இத்தனை மொழிகள் வருவதற்கு இந்த ஏற்பாடும் ஒரு பெரிய காரணம்.

ஐந்து டிக்கெட்டைப் பங்கிடுவது

ஐந்து படம், பத்து படம் என்று மொத்தமாக வாங்கும் பாஸ் உண்டு. தனித்தனியாக வாங்குவதைவிட மலிவு. தொடக்க விழா, நிறைவு விழா போன்ற சிறப்புக் காட்சிகளுக்கு அது பொதுவாகச் செல்லாது. ஒரே காட்சிக்கு ஒரு பாஸில் எத்தனை டிக்கெட் எடுக்கலாம் என்ற வரம்பையும் வாங்குமுன் படியுங்கள். அலியான்ஸ் ஃபிரான்சேஸ் மாணவர், உறுப்பினர், அரங்கின் சொந்த உறுப்பினர், மாணவர், முதியவர் ஆகியோருக்குச் சலுகை விலை. அட்டையைக் கையில் கொண்டுபோங்கள், வாசலில் கேட்பார்கள்.

முதல்முறை போகிறவருக்கு எங்கள் பரிந்துரை இப்படி: இரண்டு முதல் படம் அல்லது இரண்டாம் படம், ஒரு ஆவணப்படம், ஒரு நகைச்சுவை. ஐந்தாவதைக் காலியாக விடுங்கள். விழா நான்கைந்து வாரம் நடப்பதில் இதுதான் பெரிய வசதி. இரண்டாம் வாரத்துக்குள் எந்தப் படத்தைப் பற்றி ஊரில் பேச்சு என்பது தெரிந்துவிடும். அதற்குக் காட்சிகளையும் கூட்டுவார்கள். அப்போது ஐந்தாவதை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளி, சனி மாலைக் காட்சிகள் முதலில் நிரம்பும்.

நகைச்சுவையை ஏன் சேர்க்க வேண்டும்? பிரான்சில் மக்கள் கூட்டமாகப் போய்ப் பார்ப்பது அதைத்தான். 2024இல் அங்கே ஒரு கோடிக்கு மேல் டிக்கெட் விற்ற ‘அன் ப்தி த்ரூக் ஆன் ப்ளுஸ்’, மாற்றுத்திறனாளிகள் தாமே நடித்த கோடைமுகாம் நகைச்சுவை. விமர்சகர்கள் கொண்டாடும் படத்தை மட்டும் பார்த்தால் பிரெஞ்சு சினிமாவே சிகரெட்டும் மௌனமும்தான் என்ற தவறான எண்ணம் வந்துவிடும். ஆனால் நகைச்சுவையை நிரம்பிய அரங்கில் பாருங்கள். சொல்விளையாட்டில் பாதி சப்டைட்டிலில் உதிர்ந்துவிடும், பிரெஞ்சு தெரிந்தவர்களின் சிரிப்பு அதை ஓரளவு ஈடுகட்டும்.

ஒரே நாளில் இரண்டு படத்துக்கு மேல் வேண்டாம். மூன்றாவது படம் மனதில் நிற்காது. இரண்டு பார்ப்பதென்றால், முதல் படத்தின் நேரத்தோடு விளம்பரத்துக்கும் டிரெய்லருக்கும் கால் மணி சேர்த்து, அதன்மேல் அரைமணி இடைவெளி விடுங்கள். இரண்டு அரங்குகளுக்கு நடுவே டிராமில் போக வேண்டுமென்றால் ஒரு மணி நேரம்.

குழந்தைகளோடு போகிறவர்களுக்கு

பிரான்சில் வயதுத் தடை 12, 16, 18 என்று மூன்றே படி. பெரும்பாலான படங்களுக்கு ‘எல்லோரும் பார்க்கலாம்’ என்றுதான் சான்று கிடைக்கும். உடலையும் பாலுறவையும் காட்டுவதில் அங்கே தாராளம் அதிகம். பிரெஞ்சுச் சான்றை நம்பிப் பதின்மூன்று வயதுப் பிள்ளையை அழைத்துப்போய் நெளிய வேண்டாம், ஆஸ்திரேலியக் குறியை மட்டுமே பாருங்கள். ‘எம்ஏ 15+’ என்றால் 15 வயதுக்குக் குறைந்தவர் பெற்றோரோடோ காப்பாளரோடோதான் வர வேண்டும். ‘18+’ என்று இருந்தால், தரவரிசை செய்யப்பட்டதோ இல்லையோ, 18 நிரம்பாதவருக்கு அனுமதி இல்லை. படத்தில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் வாசலில் விடமாட்டார்கள். சிறுவர்களுக்கென்று அனிமேஷன் படங்கள் சில ஆண்டுகளில் நிரலில் வரும். சப்டைட்டிலா, ஆங்கில டப்பிங்கா என்று கேட்டுவிட்டு எடுங்கள். எட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையால் சப்டைட்டிலின் வேகத்துக்குப் படிக்க முடிவதில்லை.

இருக்கையும் சப்டைட்டிலும்

சப்டைட்டில் திரையின் அடியில் வருவதால் எந்த இருக்கை என்பது முக்கியம். முன்வரிசையில் உட்கார்ந்தால் முகத்துக்கும் எழுத்துக்கும் நடுவே கண் ஓடி ஓடி அரைமணியில் தலை வலிக்கும். தரை சரிவில்லாத பழைய அரங்கென்றால் முன்னால் இருப்பவரின் தலை எழுத்தை மறைக்கும். பின்னிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில், நடைபாதையை ஒட்டிய இருக்கை நல்லது. பக்கவாட்டில் தலையைச் சற்றுச் சாய்க்க இடம் கிடைக்கும்.

ஒரு முறைக்கு இரண்டு வரிக்கு மேல் எழுத்து வராது, வரிக்குச் சுமார் நாற்பது எழுத்துதான். வேகமாகப் பேசும் காட்சியில் பேசியதில் ஒரு பகுதியை விட்டுவிட்டுத்தான் மொழிபெயர்ப்பாளர் எழுதுகிறார். பனிமலைக் காட்சியில் வெள்ளை எழுத்து வெள்ளையில் கரையும், அதற்கு ஒன்றும் செய்வதற்கில்லை. வரியை வாய்க்குள் படிக்காமல் ஒரே பார்வையில் அள்ளப் பழகுங்கள். இரண்டாவது படத்திலேயே கைவந்துவிடும்.

ஆங்கிலச் சப்டைட்டில் முழுதாக மறைத்துவிடும் ஒன்று உண்டு. தமிழர் காதுக்கு அது எளிதில் பிடிபடும். பிரெஞ்சில் ‘நீ’யும் ‘நீங்களு’ம் இருக்கின்றன. ‘வூ’ என்றால் நீங்கள். நீ என்பது ‘தூ’வுக்கும் ‘தீ’க்கும் நடுவே ஒலிக்கும்: உதட்டை ‘ஊ’வுக்குக் குவித்துக்கொண்டு ‘ஈ’ சொன்னால் அந்த ஒலி வரும். ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுவதால் திரையின் அடியில் எந்த வேறுபாடும் தெரியாது. காதை அதற்குக் கொடுத்துப் பாருங்கள். வூ என்று பேசிக்கொண்டிருந்த இருவர் திடீரென்று தூவுக்கு மாறினால், அந்த இடத்தில் காதலோ பகையோ ஏதோ ஒன்று நடந்துவிட்டது. போலீஸ்காரர் தெருவில் நிற்கும் இளைஞனைத் தூ போட்டுப் பேசினால் அது அவமதிப்பு. ஆனால் நம் வழக்கத்தை அப்படியே ஏற்றிப் பார்க்கவும் கூடாது. மகன் அப்பாவைத் தூ என்பது அங்கே இயல்பு, கணவனும் மனைவியும் இருவருமே தூ. பழைய மேட்டுக்குடிக் குடும்பம் என்றால் கணவன் மனைவிக்குள்ளும் வூ வரும். சரித்திரப் படங்களில் காதலர்கள் வூ என்று பேசிக்கொள்வதும் அதனால்தான்.

எது தவறும், ஏன்

படம் தொடங்கிச் சப்டைட்டில் வராவிட்டால் இரண்டு நிமிடத்துக்குள் எழுந்துபோய் ஊழியரிடம் சொல்லுங்கள். ஒரே டிஜிட்டல் தொகுப்பில் சப்டைட்டில் உள்ளது, இல்லாதது என்று பல பதிப்புகள் இருக்கும். தவறானதை ஏற்றியிருப்பார்கள். உடனே சொன்னால் நிறுத்தி மறுபடி போடலாம். யாராவது சொல்வார்கள் என்று அரங்கம் முழுக்கக் காத்திருந்து பத்து நிமிடம் போய்விட்டால், அடுத்த காட்சியின் நேரம் இடிக்கும். ஆனால் பாத்திரங்கள் ஆங்கிலம் பேசும் இடத்தில் எழுத்து வராதது பிழையாகாது.

படமே தொடங்காமல் தாமதமானால் பெரும்பாலும் காரணம் சாவி. படம் வன்தட்டிலோ இணைய வழியிலோ நூறு ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்பாக வந்து சேரும், ஆனால் பூட்டியிருக்கும். அதைத் திறக்கும் மின்சாவி ஒரு குறிப்பிட்ட அரங்கின் கருவிக்கு மட்டும், இந்த நாள் இந்த மணி முதல் இந்த மணி வரை என்று எழுதப்பட்டிருக்கும். ‘பக்கத்து ஹால் காலியாக இருக்கிறதே, அங்கே போடுங்கள்’ என்றால் உடனே முடியாது, அந்தக் கருவிக்கு வேறு சாவி வேண்டும். படம் ஊர் ஊராகச் சுற்றும் விழாவில் இந்தச் சிக்கல் எப்போதாவது தலைகாட்டும். இருபது நிமிடம் பொறுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஏப்ரல் முதல் ஞாயிறு நினைவிருக்கட்டும். விழா நடந்துகொண்டிருக்கும்போதே அன்று அதிகாலை நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா, கான்பெரா, தெற்கு ஆஸ்திரேலியா, தாஸ்மேனியாவில் கடிகாரம் ஒரு மணி பின்னால் போகும். கைபேசி தானாக மாறும், சுவர்க்கடிகாரமும் பல கார்க் கடிகாரங்களும் மாறா. குயின்ஸ்லாந்திலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் இந்த மாற்றமே இல்லை. அந்த ஞாயிறுக்கு முன்பு குயின்ஸ்லாந்தின் கோல்ட் கோஸ்டிலிருந்து எல்லை தாண்டி நியூ சவுத் வேல்ஸின் பைரன் பேயில் ஏழு மணிக் காட்சிக்குப் போகிறவர், தம் ஊர்க் கடிகாரத்தில் ஆறு மணிக்கே அங்கே இருக்க வேண்டும்.

முடிவு புரியவில்லை என்ற குறையும் புதியவர்களிடம் அடிக்கடி கேட்கும். பொரிஸ் லொய்க்கினின் ‘சுலைமானின் கதை’ பாரிஸில் சைக்கிளில் உணவு கொண்டுபோகும் கினி நாட்டு இளைஞன் ஒருவனின் இரண்டு நாள்தான். புகலிட நேர்காணலுக்காக ஒரு பொய்க்கதையை மனப்பாடம் செய்துகொண்டு ஓடுகிறான். விண்ணப்பம் என்ன ஆயிற்று என்று படம் சொல்லாது. அதைச் சொல்லுவது அலுவலகத்தின் வேலை. படத்துக்கு வேண்டியது அந்த அறையில் அவன் எதைப் பேசத் துணிகிறான் என்பதே. இப்படிப்பட்ட படம் முடிந்ததும் விளக்கு வருமுன் எழுந்துவிடாதீர்கள், பெயர்கள் ஓடி முடியட்டும். பிறகு கூட வந்தவரிடம் ‘கடைசியில் என்ன ஆயிற்று’ என்று கேட்பதற்குப் பதில் ‘எந்த இடத்தில் அவன் மாறினான்’ என்று கேட்டுப் பாருங்கள்.

தவறவிட்டவற்றை எழுதிவைத்த பிரெஞ்சுத் தலைப்போடு சில மாதம் கழித்து எஸ்பிஎஸ் தொலைக்காட்சியின் இணையத் தளமான எஸ்பிஎஸ் ஆன் டிமாண்டில் தேடுங்கள், அங்கே இலவசம். உங்கள் உள்ளூர் நூலகம் சேர்ந்திருந்தால், நூலக அட்டையை வைத்துக் கனோப்பி என்ற இணையத் தளத்திலும் பார்க்கலாம். இரண்டிலும் இல்லாத பெயர் எதுவோ, அந்த இயக்குநரை அடுத்த ஜனவரிப் பட்டியலுக்காகக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.